முன்னும் பின்னும்

மஞ்சக்குப்பத்தில்
கலெக்டர் ஆபீஸ் சுவரைப் பார்த்தபடி என் ஜெராக்ஸ் கடை.
எதிரே டிவி விற்கிற ஷோரூமில்
ஒரே போர் பதினொரு திரைகளில் நடக்கிறது.
கண்ணாடி தாண்டிச் சத்தம் வருவதில்லை.
ஒரு கட்டடம் உட்காரும்போது
பதினொரு கட்டடங்கள் உட்காருகின்றன,
நாற்பத்து மூன்று அங்குலத்தில் கொஞ்சம் பெரிதாக.
மூலையில் விலைச்சீட்டு.
தவணைக்கு வட்டி இல்லை.

ஆனி மாதத்துக்குப் பொருந்தாத மழை, காலையிலிருந்து.
தாளுக்கு ஈரம் ஏறினால்
இயந்திரம் இரண்டிரண்டாக விழுங்கும்.
கட்டுகளைப் பழைய சேலையில் சுற்றி வைத்திருக்கிறேன்.

ட்யூஷன் போகிற மூன்று பெண்கள்
வேதியியல் நோட்டுக்கு வந்தார்கள்.
நனைந்த ஜடை, நனைந்த சாக்ஸ்.
வெளியே வந்த முதல் தாளை எடுத்து
ஒருத்தி கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.
"ஏய், சூடுடீ!"
மற்ற இருவரும் பாய்ந்தார்கள்.
கரிம வேதியியல் முழுக்க
ஒத்தடமாகப் போயிற்று.

பதினெட்டு வருஷமாக இதே தொழில்.
அவர்கள் போனபின் ஆள் இல்லாத நேரம் பார்த்து
ஒரு வெற்றுத்தாளை ஓடவிட்டு
நானும் வைத்துப் பார்த்தேன்.
உண்மைதான்.

அப்புறம் அஞ்சலாட்சி வந்தாள், சோனங்குப்பத்திலிருந்து.
மகன் இளவழகன் அங்கே துறைமுகத்தில் வெல்டர்.
பாஸ்போர்ட் நகல், முன்னும் பின்னும், நாலு.
மனுவோடு வைத்துக் கொடுக்கணுமாம்.
அந்த ஊர்ப் பெயரை
செய்தி வாசிக்கிறவர் ஒரு மாதிரி சொல்கிறார்,
நிருபர் இன்னொரு மாதிரி.
இவள் சொன்னது மூன்றாவது மாதிரி,
மகன் வாயிலிருந்து கேட்டது.
அதுதான் சரியாக இருக்கும்.

மூடியை இறக்கினேன்.
பச்சை வெளிச்சம் அவன் முகத்தின் மேல்
இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனது.
எதிர்க்கடையிலும் பச்சையாக ஏதோ
ராத்திரி வானத்தில் ஏறிக்கொண்டிருந்தது.
அவளுக்குத் தெரியாதபடி
கொஞ்சம் நகர்ந்து மறைத்து நின்றேன்.
"பரவால்லம்மா, பாத்துட்டுதான் வர்றேன்."

"காலைல பேசினான்.
சைரன் அடிச்சா கீழ போயி உக்காந்துக்கறாங்களாம்.
கூட இருக்கற பெங்காலிப் பையன்
சீட்டுக்கட்டு எடுத்தாருவானாம்.
நேத்து நம்மூரு காசுக்கு முந்நூறு ஜெயிச்சேங்கறான்.
அடப்பாவி, சூதாடவா அனுப்பிச்சேன்னு திட்டிட்டேன்.
வெச்சப்புறம் தோணுது,
திட்டறதுக்கா அந்த ரெண்டு நிமிஷம்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.
பன்னிரண்டு ரூபாய். வேண்டாம் என்றேன்.
"கடன் வெச்சா அவனுக்கு ஆவாது."
சில்லறையை எண்ணி வைத்தாள்.
வைத்துவிட்டுப் பையைத் திறந்து
ஐந்து பலாச்சுளை எடுத்து
யாரோ விட்டுப்போன ஹால் டிக்கெட் மேல் வைத்தாள்.
பண்ருட்டிப் பழம். கடையே மணத்தது.

இந்த ஊரே குண்டு போட்டு அளந்த ஊர்.
கோட்டையில் பீரங்கி வெடித்து
குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும்
வெள்ளைக்காரனுக்கு என்று பேசி விற்றார்களாம்.
அந்த அளவுக்குள்தான்
என் வீடும் மாவு மில்லும்
சாயங்காலம் மசால்வடை போடுகிற வண்டியும்.
அன்றைக்கு அது விழுந்த இடத்துக்குப் பக்கத்தில்
எவளாவது சுளை உரித்துக்கொண்டிருந்திருப்பாள்.
கை பிசுபிசுக்க நிமிர்ந்து பார்த்திருப்பாள்.
மிச்சச் சுளையை என்ன செய்தாளோ.

நான் ஐந்தையும் தின்றேன்.
பாதியில் ஒரு தரம் எதிர்ப்பக்கம் பார்த்தேன்,
பார்த்தும் இனிப்பு குறையவில்லை,
அதற்கு நான் என்ன செய்ய.
கொட்டைகளைக் கழுவி வைத்தேன்,
கருவாட்டுக் குழம்புக்கு ஆகும்.

ஈரத்தில் ஒரு தாள் கூடுதலாக இழுத்து
ஐந்தாவதாக ஒரு இளவழகன் வந்திருந்தான்,
சாய்வாக, ஒரு காது இல்லாமல்.
அடையாள நகல் கெட்டுப்போனால்
நாலாகக் கிழித்துப் போடுவது கடை வழக்கம்.
மேசை இழுப்பறையில்
சில்லறை டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

சாயங்காலம் பதினொரு திரையிலும் கிரிக்கெட்.
மழை விட்டுவிட்டது.
பச்சைப் பொத்தானில் பலாப்பிசின்,
துடைத்தும் போகவில்லை.
ஒவ்வொரு நகலுக்கும்
விரல் ஒரு கணம் ஒட்டி, பிறகு விடுகிறது.